மலையின் உருவை எதால் வெட்டுவது?

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அதில் நடப்பவருக்கு மலை ஒரே மாதிரி நிற்பதில்லை. ராஜகோபுரத்துப் பக்கம் தெரியும் மலை வேறு. மேற்கே அடி அண்ணாமலையில், ஆதி அருணாசலேசுவரர் கோயில் பக்கம் நின்று பார்க்கும் மலை வேறு. ஒருவர் அந்தப் பாதையிலுள்ள எட்டு லிங்கங்களின் அருகிலும் நின்று எட்டுப் படம் எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஸ்கிராப் புக்கில் ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் அந்தந்த இடத்து மலையின் உருவைத் தடித்த தாளில் வெட்டிப் பதிக்க நினைக்கிறார். அட்டையின் மேல் ஒரு தீபச்சுடர் வேண்டும். அதே சுடர் கார்த்திகை தீபத்துக்கு அனுப்பும் 500 வாழ்த்து அட்டைகளிலும் வேண்டும்.

எதால் வெட்டுவது? கத்தரிக்கோலா, பஞ்சா, டை என்ற வெட்டும் அச்சை வைத்து உருட்டும் கைமெஷினா, கணினியோடு இணைத்த மெஷினா? கையில் இருக்கும் பணத்துக்கு எது கட்டும்? கடையில் விலை கேட்டதும் எழும் இந்தக் கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டாகப் பலரும் பல விடை சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் ஒருவகைத் தேவையை மனத்தில் வைத்துப் பிறந்தது. அந்தத் தேவை மாறும் இடத்தில் விடையும் ஆட்டம் காண்கிறது.

வெட்டிய படத்தை வாங்கியவர்கள்

படம் ஒட்டும் ஏடு 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பொழுதுபோக்காகப் பரவியது. எழுத்தாளர் மார்க் ட்வைன், பக்கங்களில் முன்பே பசை தடவிய ஸ்கிராப் புக் ஒன்றுக்கு 1873-இல் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் தொட்டால் ஒட்டும். அந்தக் காலத்துக்காரர்களுக்கு ஒட்டுவதுதான் தலைவலியாக இருந்தது. வெட்டுவதை ஜெர்மனியின் அச்சகங்கள் பார்த்துக்கொண்டன. வண்ணத்தில் அச்சிட்டு, புடைப்பு ஏற்றி, டையால் வெட்டிய பூக்களும் தேவதைகளும் தாள் தாளாக விற்பனைக்கு வந்தன. படங்கள் உதிர்ந்துவிடாமல் இருக்கச் சின்னச் சின்னத் தாள் பட்டைகள் ஒன்றோடொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கியவர் அவற்றைக் கிள்ளி எடுத்து ஒட்டினால் போதும்.

டை அதற்கு முன்பே செருப்புத் தொழிலில் தோலை வெட்டிப் பழகியிருந்தது. காகிதத்தில் அது பெருந்தொழிலானதைப் பற்றி ஒரு கதை பலமுறை சொல்லப்படுகிறது. 1879-இல் புரூக்ளினில் ராபர்ட் கேர் என்பவரின் ஆலையில் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, ஓர் உலோகப் பட்டை சற்று மேலே எழும்பிப் பைகளைக் கிழித்துவிட்டது. அவருக்கு அந்தச் சேதத்தில் ஒரு வழி தெரிந்தது. பட்டையின் உயரத்தை மாற்றினால் ஒரே அழுத்தத்தில் ஓரிடத்தில் வெட்டவும் இன்னோரிடத்தில் மடிப்புக்கோடு போடவும் முடியும். இன்று நாம் பிரிக்கும் பற்பசை டப்பா வரை அந்த முறையின் வாரிசுதான்.

‘வெட்டியதை வாங்கிக்கொள்’ என்பது முதல் விடை. ஸ்டிக்கர் தாள் வடிவில் அது இன்றைக்கும் ஸ்டேஷனரி கடைகளில் தொங்குகிறது. செலவு குறைவு, நேரமும் மிச்சம். ஆனால் கடைக்காரர் வைத்திருக்கும் உருவத்தோடு திருப்தி அடைய வேண்டும். வாயு லிங்கத்துப் பக்கம் தெரியும் மலை அந்தத் தாளில் இருக்காது.

கை போதும் என்பவர்கள்

இரண்டாவது விடை இன்னும் பழையது. இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற மூதாட்டி 1770-களில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, வண்ணத்தாளைக் கத்தரித்து மலர்ச் செடிகளின் உருவங்களை ஒட்டத் தொடங்கினார். இதழுக்கு இதழ், நரம்புக்கு நரம்பு தனித்தனித் துண்டு. ஏறத்தாழ ஆயிரம் படங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சீனத்துத் தாள்வெட்டுக் கலையை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மதுரா, பிருந்தாவனம் பகுதியின் சாஞ்சிக் கலைஞர்கள் கண்ணன் கதைக் காட்சிகளைத் தாளில் நுணுக்கமாக வெட்டி, அதன் மேல் வண்ணப்பொடி தூவிக் கோலமிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பெயர் சூட்டிக் கொண்டாடியதில்லை. ஆனால் கை இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வண்ணத்தாளை எட்டாக மடித்து நாலு வெட்டு வெட்டிப் பிரித்துத் தோரணம் கட்டும் பையனும், குருத்தோலையைக் கீறிக் கிளி செய்பவரும் அதே வித்தைக்காரர்கள்தான். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி புத்தகங்களைத் தம் கையாலேயே பைண்டு செய்வார், இலை தைப்பார் என்பது அவரோடு வாழ்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் வரும் செய்தி. இந்த ஊருக்குக் கைவேலை புதிதாகக் கற்றுத்தரப்பட வேண்டியதில்லை.

கைக்கட்சியின் வலிமை அதன் முதலீட்டில் இருக்கிறது. ஒரு நல்ல கத்தரிக்கோல், ஒரு கட்டர், அடியில் விரிக்க ஒரு கட்டிங் மேட். எந்தக் கடையிலும் கிடைக்கும் அந்தக் கட்டருக்கும் ஒரு கதை உண்டு. முனை மழுங்கினால் ஒடித்துவிட்டு அடுத்த முனையை நீட்டும் பிளேடை ஒசாகாவின் யோஷியோ ஒகாடா 1956-இல் உருவாக்கினார். உடைந்த கண்ணாடிச் சில்லின் கூர்மையும், கோடு கோடாக ஒடியும் சாக்லேட் பட்டையும் அவருக்கு யோசனை தந்தன என்பார்கள். சில ரூபாயில் புதுக்கூர்மை என்பது இந்தக் கருவியைப் போல வேறெதிலும் வாய்க்காது. பலர் பிளேடை ஒடிக்கச் சோம்பல்பட்டு, தாள் பிசிறுகிறது என்று மெஷின் தேடிப் போகிறார்கள்.

கைக்கட்சி தடுமாறுவது எண்ணிக்கையில். எட்டு மலை வெட்டலாம். 500 சுடர் வெட்ட முயன்றால் ஐம்பதாவதுக்குள் விரல் வலிக்கும், சுடரும் ஒன்றுபோல் இன்னொன்று வராது. மெஷின் இல்லாமலே இதற்கு வழி தேடியவர்கள் சோழமண்டலக் கரையில் இருந்தார்கள். இங்கே துணியில் சித்திரம் எழுதியவர்கள் செய்த வேலையை ஜேசுயிட் பாதிரியார் கோர்து 1742-இல் எழுதிய கடிதம் விவரிக்கிறது. உருவத்தை முதலில் தாளில் எழுதி, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, துணி மேல் விரித்துக் கரிப்பொடி மூட்டையால் தட்டுவார்கள். அந்தப் புள்ளிகளே அடுத்த துணிக்கும், அதற்கடுத்த துணிக்கும் வழிகாட்டும். பழைய காலண்டர் அட்டையில் ஒரு சுடரை வெட்டி வைத்துக்கொண்டு, சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டும் இன்றைய முறையும் இதே குடும்பம். உருவம் ஒன்றுபோல் வரும். உழைப்பு மட்டும் குறையாது.

பஞ்ச்

கட்டைவிரலால் அழுத்தினால் பூவோ இதயமோ விழும் பஞ்சை ஃபேன்சி ஸ்டோரில் பார்க்காதவர் குறைவு. ஆணும் பெண்ணுமாக இரண்டு உலோக அச்சுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தித் தாளை நறுக்குகின்றன. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு குழந்தையின் பிறந்தநாள் ஏட்டுக்கு இதைவிட வேறொன்று தேவைப்படாமலும் போகலாம்.

ஒரு பஞ்சில் ஒரே உருவம், ஒரே அளவு. வாய்க்குள் தாள் போகும் ஆழம் குறைவு என்பதால் பக்கத்தின் நடுவில் வெட்ட முடியாது. ஐவரி கார்டு போன்ற தடித்த அட்டையில் சிக்கிக்கொள்ளும். மழுங்கினால் அலுமினியத் தாளை நாலைந்து முறை வெட்டுங்கள் என்ற யோசனை உலகெங்கும் சொல்லப்படுகிறது. அது விளிம்பின் சிறு பிசிறை நீக்கலாமே தவிர, தேய்ந்த எஃகைத் திரும்பத் தீட்டித் தராது.

உருட்டும் மெஷின்

அமெரிக்காவில் ஸ்கிராப் புக் மீண்டும் எழுந்ததற்கு யூட்டா மாநிலத்தின் மேரிலென் கிறிஸ்டென்சென் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறார். 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் அவருடைய குடும்ப ஏடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1977-இல், கலிபோர்னியாவில் எல்லிசன் நிறுவனம் பள்ளி ஆசிரியர்களுக்காக எழுத்துகளும் உருவங்களும் வெட்டும் கைமெஷினோடு தொடங்கியிருந்தது. வீட்டு மேஜைக்கு அதைச் சுருக்கி, 2001-இல் சிசிக்ஸ் என்ற பெயரில் அந்நிறுவனம் கொண்டுவந்தது. பின்னால் வந்த கைமெஷின்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில் வந்தவையே.

வேலை நடப்பதை அருகில் இருந்து பார்க்க வேண்டும். அடியில் ஒரு தட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கட்டிங் தட்டு, அதன் மேல் தாள், தாளின் மேல் கவிழ்த்த டை, எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு கட்டிங் தட்டு. இந்த அடுக்கை இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினால், கரும்பு மெஷினுக்குள் கழி போவதுபோல உள்ளே போகும். பிளாஸ்டிக் நெரிபடும் சத்தம் முதலில் பயமுறுத்தும். மறுபக்கம் வந்ததும் அடுக்கைப் பிரித்து, டையின் முதுகில் இருக்கும் துளைகள் வழியே ஊசியால் குத்தினால் சுடர் கீழே விழும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம்.

டைகளில் இரண்டு ஜாதி. ஒன்று, எஃகுப் பட்டையை வளைத்துப் பலகையில் பதித்து, சுற்றிலும் ஸ்பாஞ்சு ஒட்டிய தடிமனான டை. இது பல தாளை ஒரே சமயத்தில் வெட்டும், துணி, ஃபெல்ட் வரை தாங்கும். விலை கூடுதல். இன்னொன்று, எஃகுத் தகட்டை ரசாயனத்தால் அரித்துச் செய்த மெல்லிய டை. ஒரு தடவைக்கு ஒரு தாள்தான் என்றாலும் நுணுக்கமான கொடியும் இலையும் இதில்தான் வரும். மலிவு என்று தேடுபவர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் இங்கே. இணையத்தில் பெயரில்லாத மெல்லிய டைகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் நல்லதும் உண்டு. ஆனால் விளிம்பின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு மூலை வெட்டுப்படும், மறுமூலை தழும்போடு நிற்கும். அடியில் ஒரு தாளைக் கூடுதலாக வைத்து அழுத்தம் ஏற்றுவது அனுபவசாலிகளின் வைத்தியம்.

விலைப்பட்டியல் சொல்லாத செலவு கட்டிங் தட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் அவற்றில் கோடு போடும். ஒரே பக்கத்தைப் பயன்படுத்தினால் வாழைப்பட்டைபோல வளையும். திருப்பித் திருப்பிப் போட்டாலும் ஒருநாள் புதிது வாங்கியாக வேண்டும். மெஷின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் கணக்கு முதலில் தவறுவது இங்கேதான்.

அளவு இன்னொரு பிரச்சினை. கையடக்கச் சிறு மெஷின்களின் வாய் ஆறேழு சென்டிமீட்டர். நடுத்தர மெஷின் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் என்று கேட்டு வாங்கும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்குச் சட்டம் வெட்ட நடுத்தர மெஷின் போதும். மலிவாக இருக்கிறதே என்று சிறியதை வாங்கினால், புகைப்பட ஏட்டுக்கு அது பெரும்பாலும் அலங்காரத் துண்டு வெட்டவே உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை உருவங்களில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் டை பட்டியலில் கிறிஸ்துமஸ் மரம், கலைமான், பனித்துளி, இதயம் என்று பக்கம் பக்கமாக உண்டு. குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், புள்ளிக்கோலம், கோபுரம் தேடுபவர் வெகுநேரம் தேட வேண்டியிருக்கும். அண்ணாமலையைக் கேட்கவே வேண்டாம்.

கணினியோடு இணைத்த கத்தி

கோபுரம் இல்லையா, நீங்களே வரைந்து வெட்டுங்கள் என்றது அடுத்த விடை. கிரிகட், சிலூயட் கேமியோ, பிரதர் ஸ்கேன்-என்-கட் போன்ற மெஷின்களில் டை கிடையாது. ஒட்டும் பசையுள்ள மேட்டில் தாளைப் பதித்தால், ஒரு சிறு கத்தி கோட்டின் மேல் ஓடும். பிரதர் மெஷினில் ஸ்கேனரும் உண்டு. பென்சிலால் வரைந்த மலையைக் காட்டினாலே கோட்டைப் பிடித்துக்கொள்ளும். எட்டு லிங்கத்துக்கு எட்டு மலை என்ற ஆசைக்கு, வடிவ சுதந்திரத்தில் இதற்கு ஈடில்லை.

விலை பத்தாயிரங்களில் தொடங்கும் என்பது தெரிந்ததே. தெரியாமல் வருவது கட்டுப்பாடு. கிரிகட்டின் முதல் மெஷின்கள், தனியாக விலை கொடுத்து வாங்கும் கார்ட்ரிட்ஜில் உள்ள உருவங்களை வெட்டவே செய்யப்பட்டவை. பின்னர் சொந்தப் படம் ஏற்ற வழி வந்தது. 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படம்தான் ஏற்றலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பணம் கொடுத்து மெஷின் வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதத்தில் பின்வாங்கியது. சிலூயட்டின் இலவச மென்பொருள் எஸ்விஜி கோப்புகளைத் திறக்காது. அதற்குக் கட்டணப் பதிப்பு வேண்டும், அல்லது இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து டிஎக்ஸ்எஃப் கோப்பாக மாற்ற வேண்டும். மெஷின் நம் மேஜையில் இருந்தாலும் சாவியின் ஒரு பல் வேறெங்கோ இருக்கிறது என்ற உணர்வு வாங்கியவர்களுக்கு வருவது நியாயம்தான்.

மேட் இன்னொரு தொல்லை. பசை மேல் தூசி படிந்தால் பிடிப்புப் போகும். சாலையோர வீட்டில், கோடைக்காற்றில், அதை மூடியே வைக்க வேண்டும்.

கடையில் கொடுத்து வெட்டுவது

கை, பஞ்ச், கைமெஷின், கணினி மெஷின் என்ற நான்கு கட்சிகளும் கருவியைச் சொந்தமாக வாங்கவேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றன. அமெரிக்க வீடுகளை வைத்துப் பிறந்த விவாதம் அப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இன்னொரு வழி கண்முன் கிடக்கிறது. வாங்கும் யோசனை சொல்பவர்கள் அதைப் பேசுவதே இல்லை.

டை என்ற சொல் இங்கே கிராமத்துக்கும் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டபோது பேச்சுக்கு வந்த பாக்குமட்டைத் தட்டு மெஷினும், பேப்பர் பிளேட் மெஷினும் டை வைத்தே இயங்குகின்றன. டையை மாற்றினால் தட்டின் அளவு மாறும். காகித டைக்குத் தலைநகர் சிவகாசி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அதற்காக அச்சகம் வந்தது. காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை, இனிப்புப் பெட்டி என்று அது பெருகியபோது, அவற்றை உருவத்துக்கு வெட்டும் பஞ்சிங் வேலையும் கூடவே வளர்ந்தது.

அங்கே டை செய்வதைப் பார்த்தால் சிசிக்ஸின் தடித்த டைக்கு அது அண்ணன் என்று புரியும். பிளைவுட்டில் கோட்டின் வழியே மெல்லிய பள்ளம் அறுப்பார்கள். 23.8 மில்லிமீட்டர் உயரமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் உள்ள எஃகுப் பட்டையை வளைத்து அதில் இறக்குவார்கள். வெட்டவேண்டிய இடத்தில் கூரிய பட்டை, மடிக்கவேண்டிய இடத்தில் கிரீசிங் பட்டை. வெட்டிய தாள் சிக்காமல் வெளியே தள்ள இருபுறமும் ரப்பர் துண்டு. கூர்முனையில் அங்கங்கே சிறு வெட்டு விட்டால் துண்டுகள் உதிராமல் தாளோடு நிற்கும். அந்தப் பழைய ஜெர்மன் படத்தாள்களைப் பிடித்திருந்த பட்டைகளின் வேலையும் இதுதான்.

இதற்குச் சிவகாசி வரை போகவேண்டும் என்றும் இல்லை. ஆஃப்செட் அச்சு வந்த பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய டிரெடில் அச்சு மெஷின்கள் மை உருளையைக் கழற்றிவிட்டு, கல்யாணப் பத்திரிகைக்கும் பெட்டிக்கும் பஞ்சிங் போட உட்கார்ந்தன. அச்சகக்காரரிடம் ஒரு சுடரின் படத்தைக் கொடுத்து டை செய்யச் சொன்னால், அந்த டை, படம் கொடுத்தவருக்கே சொந்தம். கூலி தாள் கணக்கில். ஒரே டையில் எட்டுச் சுடர் அடக்கினால் 63 தாளில் 500 சுடரும் முடிந்துவிடும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஐம்பது துண்டுக்கு எந்த அச்சகமும் மெஷினை நிறுத்தி டை பூட்ட விரும்பாது. கல்யாண சீசனில் காத்திருக்க வேண்டும். எஃகுப் பட்டை ஓரளவுக்கு மேல் வளையாது என்பதால் மெல்லிய டை தரும் நுணுக்கம் இதில் கிடைக்காது. ராத்திரி பத்து மணிக்குத் தோன்றும் ஆசையை அது தீர்க்காது.

தாளும் கணக்கும்

கருவியை ஒப்பிடுபவர்கள் தாளை மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக்கழிவிலிருந்து உருவாகும் அத்தகைய தாள் புகைப்பட ஏட்டுக்கு அருமையானது. மலிவான சார்ட்டைப் போலச் சீக்கிரம் பழுப்பேறாது. ஆனால் அதன் நார் நீளம், பரப்பு மேடுபள்ளம். இழுத்து வெட்டும் கணினிக் கத்தி அதில் பிசிறு கிளப்பும். மெல்லிய டை பாதியில் நிற்கலாம். நேராக அழுத்தும் தடித்த டைக்கும் புதுமுனை போட்ட கட்டருக்கும் அது அடங்கும். வழவழப்பான 250 ஜிஎஸ்எம் அட்டையில் வரிசை அப்படியே தலைகீழாகும். அங்கே மெல்லிய டையும் கணினியும் சுத்தமாக வெட்டும்.

பணக்கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கைமெஷினும் சில டைகளும் சேர்ந்து 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 உருவம் வெட்டி மூலையில் வைத்தவருக்கு ஒரு துண்டு 40 ரூபாய். 4,000 வெட்டியவருக்கு 2 ரூபாய். ஒரே மெஷின் ஒருவருக்கு ஆடம்பரமாகவும் இன்னொருவருக்குச் சிக்கனமாகவும் ஆவது இப்படித்தான். ஆகவே, ஒரே உருவம் எத்தனை முறை வேண்டும் என்று கடைக்குப் போகும் முன்பே எழுதிக்கொள்வது, எந்த நிறுவனத்தின் மெஷின் என்று விசாரிப்பதைவிடப் பயன் தரும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அந்தக் கணக்கில் பார்த்தால், கிரிவல ஏட்டின் எட்டு மலைகளும் ஒவ்வொன்று ஒருமுறைதான் வேண்டும். அவை கட்டருக்கு உரியவை. 500 சுடர் அச்சகத்து டைக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே, மாதம் முப்பது நாற்பது துண்டு, விதவிதமான உருவம் என்று தொடர்ந்து வேலை செய்பவருக்குத்தான் கைமெஷின் பொருந்துகிறது. கணினி மெஷின் வடிவமைப்பை விற்றுச் சம்பாதிப்பவருக்குக் கட்டுப்படியாகலாம். வீட்டு ஏட்டுக்காக மட்டும் அதை வாங்கச் சொல்வது கடினம்.

முடிவாகாமல் நிற்பது கருவியைப் பகிர்ந்துகொள்வது பற்றிய கேள்வி. தையல் மெஷினையும் தட்டு மெஷினையும் கூட்டாக வைத்து நடத்தும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த மாநிலத்தில் உண்டு. அடி அண்ணாமலை போன்ற ஊரில் ஒரு குழு நடுத்தர அளவு கைமெஷின் ஒன்றும், விளக்கும் கோபுரமும் மலையுமாக உள்ளூர் டைகள் சிலவும் வைத்துக்கொண்டால், பௌர்ணமிக்கு வருபவர்களுக்கு அட்டையும் ஏடும் செய்து விற்க முடியுமா? முடியலாம். ஆனால் கட்டிங் தட்டு தேய்ந்தால் யார் வாங்குவது, கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் நடுவில் குவியும் ஆர்டர் ஆடியில் வற்றும்போது மெஷின் என்ன செய்யும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கான சிறு அலங்கார வேலைகள் அந்த இடைவெளியை நிரப்பினால் கணக்கு நேராகும். அவை ஏற்கெனவே அச்சகத்துப் பஞ்சிங் மெஷினிடம் இருக்கின்றன.